சயாம் பட்டியலும் ஒரு கல்யாணப் பிளேட்டும்

1. பன்னிரண்டாவது பெயர்

சயாமில் ரயில் பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலில் பன்னிரண்டாவது பெயரை நான்தான் எழுதினேன். அது என்னுடைய பெயர்.

இதைப் படிக்கப்போகும் புதுக் கிராணிப் பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். நான் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். அப்பா கவாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையதுதான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, அதன் பிறகு தாப்பாவில் மூன்று வருஷம் இங்கிலீஷ் பள்ளி. வேலைக்குச் சேர்ந்த எட்டாம் மாதம், ஜப்பான் படை வருகிறது என்று கேட்டதும், வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி மலையிறங்கிப் போனார். பெரிய கிராணியும் பின்னாலேயே போய்விட்டார். ஆபீஸில் நானும் ஒரு சுவர்க் கடிகாரமும் மிச்சம்.

பிறகு ஜப்பான் துரை வந்தார். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார். என்னைத் திருப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டார். ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டவர். சின்னப் புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பார்த்துக் கடைத்தெரு மலாய் பேசுவார். நானும் அதிலேயே பதில் சொல்வேன்.

அந்தத் திங்கட்கிழமை சயாமுக்குப் போக வேண்டிய பதினொரு பேரின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல மையில் எழுதி முடித்தேன். எல்லாரும் கல்யாணமாகாத பையன்கள். மையை ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் வேறு பேச்சு எடுத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆபீசர் வருகிறார். பெரட்டில் நிப்பொன் பாட்டு வேண்டும்.”

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. நிப்பொன் என்றால் ஜப்பான். பங்களாவில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கிராமபோன் இருந்தது. பிளேட்டுகள்தான் இல்லை. எல்லாம் எதிரி பாட்டு என்று போன மாதம் உடைக்கச் சொன்னவரே இவர்தான். உடைத்தது நான். அதை மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

“கடையில் தேடு” என்றார். “இப்போது எழுது.”

“யார் பெயர் துரை?”

“உன் பெயர். பென்சிலில் எழுது. பாட்டு வந்தால் நீ இங்கே. வராவிட்டால் நீ சயாம்.”

வெளியே வந்தேன். முத்தையா கங்காணி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அப்பா வேலை பார்ப்பது அவர் கையின் கீழ்தான். அவருடைய மகன் மாணிக்கத்தின் பெயர் பட்டியலில் நாலாவது. நானே பொறுக்கி எடுத்ததுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“என்னா கிராணியாரே, பாட்டுக் கச்சேரிக்குக் கெளம்பிட்டீங்க போல? படிச்ச ஆளு. எழுதுன கையாலயே தாளமும் போடுவீங்க.”

2. ரிங்லெட்: பாடாத பிளேட்டு

கிராமபோன் தட்டை எங்கள் பக்கத்தில் பிளேட்டு என்றுதான் சொல்வோம். மலையில் பிளேட்டுக்கென்று தனிக் கடை கிடையாது. வேறு ஏதாவது வியாபாரம் செய்கிறவர் ஒரு மூலையில் பிளேட்டும் வைத்திருப்பார். ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த மூலைகளெல்லாம் மாயமாகிவிட்டன. எந்தப் பாட்டுக்கு என்ன தண்டனை என்று ஒருவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ரிங்லெட்டில் அபுபக்கர் காக்கா கடைக்குப் போனேன். கருவாடும் மளிகையும் விற்கிறவர். என் கையில் கட்டியிருந்த ஜப்பான் ஆபீஸ் பட்டையைப் பார்த்ததும் தராசை ஒரு முறை துடைத்தார்.

“காக்கா, பிளேட்டு இருக்கா?”

“என்னா பிளேட்டு? எனக்கு ஒரு பிளேட்டும் தெரியாதுப்பா. நான் சோறு திங்கிறதே வாழ எலையிலதான்.”

“பறிக்க வரல காக்கா, வாங்க வந்திருக்கேன். ஜப்பான் பிளேட்டு வேணும்.”

அவர் முகம் மலர்ந்தது. “அட, அதுவா! மொதல்லயே சொல்றதுக்கென்னா லா!” என்று உள்ளே போனார். வைக்கோல் சுற்றிய ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார். பிரித்தார். வெள்ளைப் பீங்கான் தட்டு. நடுவில் பனி மூடிய மலைப் படம்.

“சண்டைக்கு முந்தி வந்த சரக்கு. ஒரு கீறல் பாரு, இருக்காது. தொரைக்குத்தான? மீன் வச்சுத் திங்க அம்சமா இருக்கும்.”

“காக்கா, இது சுத்துனா பாடுமா?”

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஒடைஞ்சாத்தான் சத்தம் வரும்.”

பட்டியல் விஷயத்தைச் சொன்னதும் அவர் பயம் போய்விட்டது. நெத்திலிக் கருவாட்டு மூட்டைக்கு அடியிலிருந்து நாற்பது பிளேட்டுக்கு மேல் வெளியே வந்தது. தமிழ் நாடகப் பாட்டு, குரோஞ்சோங் என்கிற மலாய்ப் பாட்டு, குர்ஆன் ஓதல். ஒவ்வொன்றையும் சட்டையில் துடைத்துப் பார்த்தோம். ஜப்பான் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் ராஜபார்ட் பாட்டு எங்கேயாவது கேட்டால் என் மூக்கில் நெத்திலி வாசனை அடிக்கிறது.

“தானா ராத்தாவுல பல்லுக்காரத் தவுக்கேகிட்ட கேளு” என்றார் காக்கா. “அவன்கிட்ட எல்லா ஊரு பாட்டும் இருந்துச்சு.”

3. தானா ராத்தா: பல் பிடுங்கும் சங்கீதம்

வியாழக்கிழமை கரி லாரியில் போனேன். பெட்ரோல் இல்லாத காலம். கரி அடுப்பு வைத்த அந்த லாரியில் பாதி வழி நாம் லாரியில் போவோம், மீதி வழி லாரி நம்மோடு வரும். ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் தள்ள வேண்டும்.

பல்லுக்காரத் தவுக்கே பல் கட்டுகிற சீன முதலாளி. பிடுங்கும்போது கிராமபோனைச் சத்தமாக வைத்துவிடுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவன் கத்துவது வெளியே காத்திருப்பவனுக்குக் கேட்கக் கூடாது என்பது அவர் தொழில் முறை. பாட்டு பிடித்துப்போனவர்கள் பல்லைக் கொடுத்துவிட்டுப் பிளேட்டை வாங்கிப்போனதும் உண்டு.

நான் போனபோது பாட்டு இல்லை. அதனால் நோயாளியும் இல்லை. ஜன்னலில் வரிசையாகக் கறுப்புக் கிண்ணங்களில் முட்டைக்கோஸ் நாற்று வளர்ந்திருந்தது. ஒரு கிண்ணத்தின் அடியில் சிவப்பு லேபிள். இங்கிலீஷ் எழுத்து. உற்றுப் பார்த்தேன். எல்லாம் வெள்ளைக்காரன் டான்ஸ் பிளேட்டுகள். வெந்நீரில் போட்டு வளைத்துவிட்டிருக்கிறார்.

“இப்ப இது பாட்டு இல்ல, தொட்டி” என்றார் அரைகுறைத் தமிழில். “தொட்டிக்குத் தண்டன இல்ல, ஆமாவா?”

மிச்சப் பெட்டியைத் திறந்து காட்டினார். மூன்றாவது பிளேட்டிலேயே நான் துள்ளிவிட்டேன். லேபிளில் கட்டங்கட்டமான எழுத்து. என் கைப்பட்டையில் இருப்பதுபோலவே. “கெடைச்சிருச்சு!” என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

தவுக்கே என் மணிக்கட்டைப் பல் இடுக்கிபோலப் பிடித்தார். “ஒனக்கு எத்தன கழுத்து?”

“ஒண்ணுதான்.”

“அப்ப வையி. இது சீனன் எழுத்து. பாட்டு பூரா ஜப்பான்காரன ஏசுற பாட்டு.”

அந்த இரண்டு எழுத்தும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. படித்தவன் கண்ணை நம்பிக் கெட்டேன். அந்தப் பிளேட்டு என் கண் முன்னாலேயே வெந்நீருக்குள் போய், ஐந்து நிமிஷத்தில் கிண்ணமாக வெளியே வந்தது.

ஆனால் வெறுங்கையாக அனுப்பவில்லை அவர். பங்களா கிராமபோனின் ஊசி மழுங்கிவிட்டது, புது ஊசி எங்கும் கிடைக்கவில்லை என்று புலம்பி, கையோடு கொண்டுபோயிருந்ததை எடுத்துக் காட்டினேன். காலால் மிதித்துப் பல் ராவும் மெஷினில் வைத்து இரண்டு மிதி மிதித்தார். ஊசி முள்ளாகிவிட்டது.

“வாய் கொப்பளி” என்றார், பழக்கதோஷத்தில்.

4. பிரிஞ்சாங்: நோட்டு

மிச்சம் ஒரே கடை. சனிக்கிழமை நடந்தே போனேன். பிரிஞ்சாங்கில் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை ஒன்று. பாக்கியம் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் சண்டைக்கு முன் தோட்டத்துக் கல்யாணங்களுக்குக் கிராமபோன் வாடகைக்கு விட்டவர்கள். பழசான பிளேட்டுகளை விற்பார்கள். வீட்டுக்காரர் வேலை தேடி ஈப்போவுக்குப் போய்விட, அக்கா கோணிச் சாக்கில் சட்டை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

“ஜப்பான் பாட்டா? அவன் பாட்ட அவன்கிட்டயே கேக்க வேண்டியதுதான லா?”

“அவர்கிட்டயும் இல்லையாம் அக்கா. நாளைக்கு இல்லன்னா நான் சயாம்.”

அக்காவின் ஊசி நின்றது. பிறகு உள்ளே போய் ஒரு பிளேட்டோடு வந்தார்.

“இது மாப்ள ஊர்வலத்துக்கு வைக்கிற நோட்டு. கிளாரினெட்டும் மேளமும். பேச்சே கெடையாது. பட்டாளம் நடக்குற மாதிரியே இருக்கும் கேளு.”

நோட்டு என்றால் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம்தான். அது என்ன நோட்டு என்று கேட்க நாக்கு எழும்பியது. மூன்று வருஷம் இங்கிலீஷ் படித்தவன் ஒரு தையல்காரம்மாவிடம் அர்த்தம் கேட்பதா என்று அடக்கிக்கொண்டேன். பெரிய கிராணியைப்போலத் தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்கா பாதி வரை போட்டுக் காட்டினார். சரியான படை நடை. கால் தானாகவே தாளம் போட்டது. கிராமபோன் முள் தேய்ந்துவிடும் என்று அதோடு தூக்கிவிட்டார்.

“ஜப்பான் பாட்டுன்னு சொல்லிராத. பெரிய ஆபீசருக்கு அவன் ஊரு பாட்டு தெரியாதா? நம்ம ஆளுங்க ஜப்பானுக்காக வாசிச்சதுன்னு சொல்லு. எங்க போயி வெசாரிக்கப் போறான்?”

“சரிக்கா.”

“ஒண்ணு மட்டும். கடைசில வாசிச்சவன் பேரு சொல்லுவான். பழைய பிளேட்டு, அப்பல்லாம் அப்படித்தான். அதுக்கு முன்னாடி முள்ளத் தூக்கிரு.”

“பேரு மட்டுந்தான?”

“வேற என்னா, ஊருப்பட்ட கதையா சொல்லப்போறான்?”

பதிலுக்கு ஒரு டின் தேயிலை கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, “பிளேட்டு திரும்பி வரணும். நீயும் வரணும்” என்றார்.

5. ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

பனி இன்னும் விலகவில்லை. இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். பெரிய ஆபீசர் குட்டையான ஆள், இடுப்பில் தரைதொடும் வாள். நம் ஆட்கள் நிப்பொனுக்காக வாசித்த பாட்டு என்று அக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். ஜப்பான் துரை தலையசைத்தார். கைப்பிடியைச் சுற்றி முள்ளை வைத்தேன்.

கிளாரினெட் எழும்பியது. முன்வரிசைப் பெண்களின் முதுகெல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அவர்களில் பாதிப்பேர் இந்தப் பாட்டுக்குப் பின்னால்தான் மணவறைக்கு நடந்திருக்கிறார்கள். ஒரு அம்மா முக்காட்டை இழுத்து வாயில் செருகிக்கொண்டார்.

பெரிய ஆபீசருக்குப் பாட்டு பிடித்துவிட்டது. பிடித்ததுதான் வினை. திடீரென்று எழுந்து விறைப்பாக நின்றார். ஜப்பான் துரை பதறிப்போய், டோக்கியோவில் இருக்கும் அவர்கள் ராஜாவின் திசையைப் பார்த்து எல்லாரையும் குனியச் சொல்லிக் கத்தினார். பாட்டு முடியும்வரை ஒருவரும் நிமிரக் கூடாது.

நானும் குனிந்தேன். கை முழங்காலில். முள் என் தலைக்கு ஒரு முழம் மேலே. பாட்டு முடிவுக்கு வருவது தெரிகிறது, மேளம் முத்தாய்ப்பு வைக்கிறது, நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேளம் நின்றது. சந்தையில் கூவி விற்கிறவன் குரலில் ஒருவன் கணீரென்று சொன்னான்:

“சிங்காரம் செட்டு! இங்கிலீஷ் நோட்டு!”

நோட்டு என்றால் என்ன என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. வெள்ளைக்காரன் பேண்டு மெட்டைப் பார்த்து நம் ஆட்கள் வாசிப்பது. எதிரியின் பாட்டை எதிரியின் பெயரோடு கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

பெரிய ஆபீசர் சட்டென்று திரும்பினார். அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

“இங்கிலீஷ்?”

ஜப்பான் துரை என்னைப் பார்த்தார். “என்ன சொன்னான்?”

என் வாய் தானாகத் திறந்தது. “இங்கிலீஷ், ஓட்டு. அப்படிச் சொன்னான் துரை. ஓட்டு என்றால் விரட்டு. மாட்டை ஓட்டுவதுபோல. இங்கிலீஷ்காரனை விரட்டு.”

அவர் நம்பவில்லை. தலைப்பாகை கட்டியவர்தான் பெரியவர் என்று நினைத்து முத்தையா கங்காணியை முன்னால் கூப்பிட்டார். “நீ சொல். பாட்டில் என்ன?”

கங்காணி என்னை ஒரு முறை பார்த்தார். திங்கட்கிழமை பார்த்த அதே பார்வை. என் அப்பா மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஓட்டுங்குறான் தொரை” என்றார் கங்காணி, தனக்குத் தெரிந்த மலாயில். “ஓட்டுன்னா சும்மா ஓட்டு இல்லீங்க. திரும்பிப் பாக்காம ஓடுற மாதிரி ஓட்டுங்குறான்.” இரண்டு கையாலும் எருமை விரட்டிக் காட்டினார். “ஹை! ஹை!”

பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெண், “ஓட்டு!” என்று கத்தினார். அவ்வளவுதான். அடக்கிவைத்த சிரிப்பு எங்கேயாவது வெளியே போக வேண்டுமே. இருநூறு பேரும் “ஓட்டு! ஓட்டு!” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கண்ணில் தண்ணீர் வழியக் கத்தினார்கள். பெரிய ஆபீசர் அதை விசுவாசக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். அடுத்த மாதமும் வந்து கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

6. பாடகர்கள்

ஆபீஸில் ஜப்பான் துரை பட்டியலை என் பக்கம் தள்ளினார். “அழி.” பன்னிரண்டாவது பெயரை அழித்தேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் கங்காணி.

“அழிச்சாச்சா?”

“அழிச்சாச்சு கங்காணி. நீங்க மட்டும் இல்லன்னா…”

“அது கெடக்கட்டும். மீதி பதினொண்ணு?”

“அது மையில எழுதுனது கங்காணி. அழியாது.”

“மையி அழியாதுன்னு எழுத்து தெரியாத எனக்கே தெரியும். பேப்பர் கிழியும்ல?”

அவர் குரலில் கேலி இல்லை. நான் நின்றேன். என் உயிருக்கு ஒரு பொய் சொல்லிவிட்டேன், அவரும் நான் கேட்காமலே சாட்சி சொல்லிவிட்டார். அவர் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் ஒரு பொய்கூட இல்லையா என்று யோசித்தேன். திரும்பி உள்ளே போனேன்.

“துரை, அந்தப் பாட்டு இன்னும் முழுசாகவில்லை. பிளேட்டில் வாத்தியம் மட்டும்தான். அடுத்த மாதம் பெரிய ஆபீசர் வரும்போது ஆட்கள் சேர்ந்து பாடினால்தான் சரியாக இருக்கும். பழகிய பாடகர்கள் வேண்டும்.”

“இருக்கிறார்களா?”

“பதினொரு பேர்.” பட்டியலைத் தொட்டேன். “இவர்கள்தான்.”

அவர் பட்டியலை வெகுநேரம் படித்தார். “எல்லாரும் பாடகர்களா?”

“எல்லாரும்.”

“கூப்பிடு. பாடட்டும்.”

பதினொரு பேரும் வந்தார்கள். லாரி வந்துவிட்டது, கிளம்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து மாணிக்கம் துணி மூட்டையோடு வந்திருந்தான். கங்காணி அவர்கள் முன்னால் போய், துரைக்குப் புரியாத தமிழில் சொன்னார்:

“டேய், பாட்டு முடிஞ்சதும் ஓட்டுன்னு கத்துங்கடா. ஏன், எதுக்குன்னு எவனாச்சும் கேட்டீங்க, செருப்பு பிஞ்சிரும்.”

பிளேட்டு சுற்றியது. மேளம் நின்றது. சிங்காரம் செட்டுக்காரன் வாயைத் திறப்பதற்குள் பத்துப் பேர் “ஓட்டு!” என்று கத்தி அவன் குரலை அமுக்கிவிட்டார்கள். பதினொன்றாவது ஆள் சடையனுக்குக் காது மந்தம். மற்றவர்கள் வாய் மூடிய பிறகு அவன் தனியாக, நிதானமாக, “ஓட்டு” என்றான். துரை அதையும் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்துத் தலையாட்டினார்.

பட்டியலை இரண்டாகக் கிழித்தார். புதுத் தாள் எடுக்கச் சொன்னார். “எழுது. இந்தத் தோட்டத்தில் அனுப்ப ஆள் இல்லை.” காரணம் என்ன எழுத என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “எல்லாரும் பாடகர்கள்” என்றார். மையில் எழுதினேன்.

பாக்கியம் அக்காவிடம் சேதி சொல்லப் போனேன். “பிளேட்டு எங்க?” என்றார். துரை வைத்துக்கொண்டார், நான் மட்டும் வந்திருக்கிறேன் என்றேன். “சரி, பாதியாச்சும் திரும்பி வந்துச்சே” என்று தையலைத் தொடர்ந்தார். அன்றைக்கு அவரிடம் நோட்டு என்றால் என்ன என்று கேட்டேன். தெரிந்த பதில்தான். இருந்தாலும் கேட்டேன். புதுக் கிராணிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு சொல் தெரியாவிட்டால் அது தெரிந்தவரிடம் அந்த இடத்திலேயே கேளுங்கள். கேட்காத ஒரு கேள்விக்காக எத்தனை பொய் சொல்ல வேண்டியிருந்தது என்று இப்போதுதான் படித்தீர்கள்.

அதன் பிறகு தினமும் பெரட்டில் அந்தப் பாட்டு. குளிரில் பல் கிட்டிக்க, பதினொரு பேரும் முன்னால் நின்று கத்த வேண்டும். மூன்றாவது வாரம் மாணிக்கம் என்னிடம், “கிராணி, இதுக்கு சயாமுக்கே போயிருக்கலாம் லா” என்றான். எல்லாரும் சிரித்தோம்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து அதே பட்டியல் கணக்கில் ஒன்பது பேர் போயிருந்தார்கள். சில மாதம் கழித்து அவர்களில் திரும்பி வந்தவன் ஒருவன்தான். எங்கள் லயத்து வீட்டு வரிசை வழியாகத்தான் தன் வீட்டுக்கு நடந்து போனான். அவனை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனே பெயர் சொன்னான். மாணிக்கம் அவனுக்கு ஒரு செம்பு தேத்தண்ணீர் கொடுத்தான்.

மறுநாள் பெரட்டுக்கு மாணிக்கம் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான். பாட்டு முடிந்ததும் அவன் கத்திய சத்தத்தில், காது மந்தமான சடையனே திரும்பிப் பார்த்தான்.